எழுத்து இருந்தும் எட்டாத பாடம்

(நமது சங்கத்தின் பூவம் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இணையத்தின் வழியாக நம் பிள்ளைகளுக்கு அனுப்பப்படும் பாடங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டுகின்றனவா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். பாடத்தை அனுப்புவது வேறு, அது போய்ச் சேர்வது வேறு என்பதை ஒரு சம்பவத்தால் நாம் அறிந்துகொண்டோம். அதில் குற்றம் நம்முடையதே ஆதலால், மறைக்காமல் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

2020 ஆம் வருஷம் கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டிருந்தபோது, நம் சங்கத்து இளைஞர் சிலர் பத்தாம் வகுப்புப் பாடக் குறிப்புகளைக் கையால் எழுதி, கைப்பேசியில் படம் பிடித்து, வாட்ஸ்அப் மூலம் வீடுதோறும் அனுப்பினர். நாமும் அதைப் பெருந்தொண்டென்று இப்பத்திரிகையிலேயே வியந்து எழுதினோம். சில நாட்களுக்குப்பின் உறவினர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பிறவியிலேயே கண்பார்வை இல்லாத அவ்வீட்டுப் பெண், "மாமா, நீங்கள் அனுப்பியதிலே ஒன்றுமே எழுதவில்லையே?" என்று கேட்டாள். நமக்கு விளங்கவில்லை. அவள் தன் கைப்பேசியை எடுத்து விரலால் தடவிக் காட்டினாள். "படம்" என்றது கைப்பேசி. அடுத்த பக்கத்தைத் தடவினாள். மறுபடியும் "படம்." இருபத்தாறு பக்கங்களுக்கும் அந்த ஒரு சொல்தான். மாலையில் அண்ணன் வேலையிலிருந்து திரும்பி வந்து வாசித்துக் காட்டினால் அவளுக்குப் பாடம் உண்டு. அவன் அசதியால் உறங்கிவிட்டால் அன்றைக்கு இல்லை.

கண்பார்வையற்றவர் கைப்பேசியிலும் கணினியிலும் படிப்பது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் உதவியால். திரையிலுள்ள எழுத்தை அது குரலாக மாற்றிச் சொல்லும். நாம் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற பெயரில் அது பெரும்பாலும் கூடவே வருகிறது. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்பதொன்று 2006 முதல் இலவசமாகவே கிடைத்துவருகிறது. ஆனால் எழுத்தைப் படம் பிடித்துவிட்டால் அது எழுத்தன்று, வெறும் படமே. புத்தகத்தை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்குவதும் இவ்வகையே. நம் கண்ணுக்கு அது பக்கம், திரைவாசிப்பானுக்குச் சுவர்.

தட்டச்சு செய்தால் தீர்ந்தது என்று நினைத்துவிடலாகாது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டியவை பார்வைக்கு மட்டும் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால், 'ஜே, கே, பி, ஓ' என்று ஒப்பிக்கும். நம் சங்கத்து அழைப்பிதழ்களும் கணக்குகளும் இன்னும் அந்த எழுத்துருவிலேயே கிடக்கின்றன என்பதைக் காரியதரிசி அவர்களுக்கு வருத்தத்துடன் நினைவூட்டுகிறோம். யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. தமிழ்நாட்டு அரசும் 2010 இல் அதை ஏற்றுக்கொண்டது. அதில் அடித்தது தமிழ்க் குரலுள்ள கைப்பேசிகளில் தமிழாகவே ஒலிக்கும்.

"ஒரு பெண்ணுக்காக இத்தனை பாடா?" என்று கேட்ட அங்கத்தினரும் உண்டு. ஒரு பெண்ணுக்காகவே என்றாலும் செய்யத் தக்கதே. ஆனால் அவள் ஒருத்திக்கு மட்டுமா இது? தட்டச்சிட்ட ஒரு பக்கம் சில கிலோபைட்டுகளுக்குள் அடங்கும். படம் பிடித்த பக்கமோ அதைப்போல் பற்பல மடங்கு. தகப்பனாரின் ஒரே கைப்பேசி இரவில் வீடு திரும்பிய பிறகு, மீந்த டேட்டாவில் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடுகள் நம்மில் எத்தனை! பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வேண்டிய சொல்லை எவரும் தேடி எடுக்கலாம். காது கேளாத பிள்ளைக்கு வீடியோப் பாடம் ஊமைக்கூத்து; அதன் அடியில் வசனம் எழுதியிருந்தால் அதுவே பாடம்.

இந்த எண்ணம் நம் பக்கத்திற்குப் புதிதன்று. நண்டலாற்றைத் தாண்டினால் பொறையாறு, அதற்கப்பால் தரங்கம்பாடி. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713 இல் சீகன்பால்குவிடம் அங்கே வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை, காகிதமோ அருமை. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715 இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். அவர்கள் மதம் அவர்களுக்கு. நாம் பார்ப்பது அவர்கள் செய்த காரியத்தை. எழுத்து வந்துவிட்டதே என்று நின்றுவிடாமல், கிடைக்கும் காகிதத்துக்கு ஏற்ப எழுத்தையே மாற்றி வார்த்தார்கள். இன்று நம் காகிதம் டேட்டா.

இனி, புத்தகத்தைத் தட்டச்சு செய்தால் பதிப்புரிமை வழக்கு வருமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். 2012 இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், உடற்குறையுடையோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றி, லாபமின்றி அவர்கள் கல்விக்குக் கொடுப்பதை அனுமதிக்கிறது. இவ்விஷயம் பற்றிய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014 இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட தேசம் நம் இந்தியா. சட்டம் முந்திக்கொண்டது, நாம்தான் பிந்தியிருக்கிறோம்.

வேலையில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. நாம் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள். நம் சுற்றத்தாரில் பலர் ஆற்றுக்கு அக்கரையில் மயிலாடுதுறை ஜில்லாவில் இருக்கின்றனர். அங்கே தமிழ்நாட்டுப் பாடநூல். இங்கே அரசுப் பள்ளிகளில் 2023-24 முதல் மேல்வகுப்புகளிலும் மத்திய வாரியப் பாடம் நுழைந்துவிட்டது. ஒரே குறிப்பை இரு கரைக்கும் அனுப்ப முடியாது. இரண்டு குழுக்கள் வேண்டும்.

தட்டச்சு செய்வோர் கவனிக்க வேண்டியவை சில. தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டால் மட்டும் அது தலைப்பாகாது. மென்பொருளில் 'தலைப்பு' என்றே குறிக்க வேண்டும். அப்போதுதான் கண்ணில்லாத பிள்ளை ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்ல இயலும். படத்தை வாக்கியத்தால் விவரிக்க வேண்டும். 'படம் 3: ஆறுகள்' என்பதால் என்ன பயன்? 'காவிரியின் கிளையாகிய அரசலாறு கிழக்கே ஓடிக் காரைக்காலில் கடலொடு கலக்கிறது' என்று எழுதினால் படம் காதில் விழும். வீடியோவில் பேசும் உபாத்தியாயர்கள் "இதோ பாருங்கள், இங்கிருந்து இங்கே" என்று கோலால் காட்டுவதை விட்டு, எது எங்கே என்பதை வாயால் சொல்வார்களாக.

முதலில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் குறிப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் அபிப்பிராயம்; கணக்குப் பாடத்தில் சமன்பாடுகளை ஒலிக்கச் செய்வது கடினம், அதைப் பழகியபின் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்த் தட்டச்சு அறிந்தவர்கள், ஆண் பெண் இருபாலாரும், இன்று கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கக் கோருகிறோம். தட்டிய பக்கங்களை முதலில் அந்தப் பெண்ணிடமே அனுப்புவதென்று ஏற்பாடு. இப்பொழுது மேற்படிப்புப் படித்துவரும் அவள், தன் கைப்பேசியில் கேட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பக்கங்களே மற்ற வீடுகளுக்குப் போகும்.