நம்ம பாட்டு நம்ம கையில்: 45,000 ரூபாயில் ஒரு ஒலிப்பதிவு அறை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதத் தீர்மான நோட்டில் ஒரு விஷயத்தை முடிவு எடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம். பாட்டுப் பதிவு செய்ய கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்குவதற்கு, கலைக்குழு நடத்தும் மூன்று குழுக்கள் சேர்ந்து 45,000 ரூபாய் கடன் கேட்டிருக்கின்றன. "ஆட்டுக்குக் கடன் கொடுத்தா ஆடு கண்ணுக்குத் தெரியும். பாட்டுக்குக் கொடுத்தா என்ன தெரியும்?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ரூபாய்க் கணக்கோடு விசாரித்து வந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு எடுங்கள்.

முதலில் இந்தக் கடனை ஏன் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் திருவிழா சமயத்தில் வெளியூர் சி.டி. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நம் பெண்களை வேனில் ஏற்றிப்போய் நடவுப் பாட்டும் கும்மியும் பாட வைத்தார்கள். ஆளுக்கு ஒரு சேலையும் 300 ரூபாயும் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது அந்தப் பாட்டு செல்போன் செல்போனாகச் சுற்றுகிறது. மினி பஸ்ஸில்கூடப் போடுகிறார்கள். பாடியது யார் என்று ஒரு இடத்திலும் பேர் இல்லை. பாடின அக்கா டிக்கெட் எடுத்து, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு டவுனுக்குப் போய் வருகிறார்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பரம்பரையாக வருகிற தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் தனி ஒருவர் சொந்தக்காரர் கிடையாது. ஆனால் அதைப் பாடிப் பதிவு செய்துவிட்டால், அந்தப் பதிவுக்குச் சொந்தக்காரர் உண்டு. யார் முன்கை எடுத்து, பொறுப்பு ஏற்றுப் பதிவு செய்தாரோ அவர்தான். வெளியிட்டதில் இருந்து 60 வருஷத்துக்கு அந்த உரிமை. பாடினவருக்கும் தனியாக 50 வருஷ உரிமை இருக்கிறது. 2012-இல் கொண்டுவந்த திருத்தத்தில், பாடினவர் பேரைப் போட வேண்டும், வியாபாரம் ஆனால் அவருக்கும் பங்கு உண்டு என்று சேர்த்திருக்கிறார்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால், சட்டப்படி அது 5 வருஷத்துக்குத்தான். வெள்ளைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, மைக் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம்தான் உரிமையில் பெரிய பாகம் போகிறது. மைக் நம்ம கையில் இருந்தால்? இந்தக் கடனோட சங்கதியே அதுதான்.

"ஸ்டுடியோன்னா லட்சக்கணக்குல ஆகுமே, அதெல்லாம் மெட்ராஸ்ல இருக்கிறது" என்று நினைக்கிறோம். 1992-இல் வந்த ரோஜா படத்துப் பாட்டை ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவில்தான் உருவாக்கினார். 2020-இல் அமெரிக்காவின் கிராமி விருதை வாங்கிய பில்லி ஐலிஷ் என்ற பெண், அந்தப் பாட்டுகளைத் தன் அண்ணனின் படுக்கை அறையில் பாடிப் பதிவு செய்தவர். உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேளுங்கள், தெரிந்திருக்கும். வேறொரு மாநிலத்தையும் சொல்கிறேன். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் மாச்சனூர் என்ற ஊரில், தலித் பெண்களின் சங்கங்கள் 2008 அக்டோபர் 15 முதல் சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியை நடத்துகின்றன. பேசுவது, பாடுவது, மெஷினைப் பிடிப்பது எல்லாம் நம்மை மாதிரி கிராமத்துப் பெண்கள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு மல்டிடிராக் பதிவு என்று பேர். செல்போனில் கும்மி எடுத்தால் பாட்டு, கைத்தட்டு, பறை, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் ஒரே பதிவில் விழுந்துவிடும். அது கூட்டாஞ்சோறு. உப்பு கூடிப் போச்சு என்றால் பிரித்து எடுக்க முடியாது. மல்டிடிராக் என்பது சோறு தனி, குழம்பு தனி, பொரியல் தனி. முன்பாட்டுக்காரரின் குரல் ஒரு தடத்தில், கைத்தட்டு ஒரு தடத்தில், பறை இன்னொன்றில், பின்பாட்டு வேறொன்றில். எது கூடினாலும் அதை மட்டும் குறைக்கலாம். பறைக்காரர் இன்றைக்கு வரவில்லை என்றால் அடுத்த வாரம் வந்து, ஏற்கெனவே பாடியதைக் காதில் கேட்டுக்கொண்டே அடிக்கலாம். அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிட்டார்காரர், 1948-லேயே வெளிவந்த ஒரு பதிவுக்காகத் தன் வீட்டுக் கார் ஷெட்டில் எட்டு கிட்டார் பகுதிகளைத் தான் ஒருவரே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்தார். அன்றைக்கு அது பெரிய வித்தை. இன்றைக்கு ஒரு பழைய லேப்டாப் அந்த வேலையைச் செய்கிறது.

சாமான் கணக்கைச் சொல்கிறேன். விலை கடைக்குக் கடை மாறும், வாங்கும்போது மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கியே ஆகணும். 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. உள்ள, உபயோகித்த லேப்டாப் 18,000. மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி, இரண்டு மைக் சொருகுகிற மாதிரி, 8,500. மைக் இரண்டு 4,000. ஹெட்போன் இரண்டு 4,000. மைக் ஸ்டாண்டு இரண்டு 2,000. வயர் 1,000. இரண்டு ஹெட்போனையும் சொருகும் பிரிப்பான், சில்லறைச் சாமான் 1,000. நகல் எடுத்து வைக்க வெளி ஹார்டு டிஸ்க் 4,500. அறைக்கு 2,000. கூட்டிப் பாருங்கள், 45,000. மென்பொருளுக்குச் செலவு இல்லை. ஆடாசிட்டி என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது, நமக்கு அது போதும். கை தேறின பிறகு ரீப்பர் என்பதற்கு மாறலாம். அதை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு 60 டாலர் கட்ட வேண்டும். திருட்டு சி.டி. போட்டு வைரஸை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

"கணக்கு எழுதுற கம்ப்யூட்டர் இருக்கே, அதுல போட்டா 18,000 மிச்சம்தானே" என்று பொருளாளர் அக்கா கேட்கிறார். வேண்டாம் அக்கா. பதிவுக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பென் டிரைவ் கொண்டு வருவார். நம்ம உள்கடன் கணக்கு இருக்கிற மெஷினில் அதைச் சொருகக் கூடாது.

மைக் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கண்டென்சர் மைக் என்று பளபளப்பாக ஒன்றைக் காட்டுவார். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் தனியாக வேண்டும், இன்டர்ஃபேஸே கொடுத்துவிடும், அது பிரச்சினை இல்லை. ஆனால் அதற்குக் காது ரொம்பக் கூர்மை. நம்ம குரலோடு தெருவில் போகிற டிராக்டரையும் சேர்த்து எடுக்கும். கோயில் மேடையில் பார்க்கிற மாதிரியான டைனமிக் மைக் கிட்டத்தில் உள்ளதைத்தான் அதிகமாகக் கேட்கும், கீழே விழுந்தாலும் தாங்கும். என் அபிப்பிராயம், நமக்கு அதுதான். ஹெட்போன் காதை முழுக்க மூடுகிற வகையாக இருக்கணும். இல்லாவிட்டால் அதில் கசிகிற சத்தம் மறுபடியும் மைக்கில் ஏறும்.

இந்தச் சாமான் எல்லாவற்றையும்விட முக்கியம் அறை. ஐம்பதாயிரம் ரூபாய் மைக்கை வெறும் கான்கிரீட் அறையில் வைத்தால் கிணற்றுக்குள் இருந்து பாடின மாதிரிதான் வரும். நம்ம கூட்டம் நடக்கும் இந்த ஹால் அதற்கு ஆகாது. நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள், 'டங்'கென்று சுவர் திருப்பிச் சொல்கிறது பாருங்கள். பின்னால் சாக்கு அடுக்கி வைத்திருக்கிற சின்ன அறையில் போய்த் தட்டினேன். சத்தம் அப்படியே அமுங்கிவிட்டது. அந்த அறைதான் நமக்கு. சுவரில் சணல் கயிறு கட்டிக் கம்பளியும் பழைய ஜமுக்காளமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட வேண்டும். பாடுகிறவருக்கு முதுகுப் பக்கம் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிறுத்த வேண்டும், ஏனென்றால் மைக்கின் முகம் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது. முட்டை அட்டையை ஒட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அது வெளிச்சத்தத்தை நிறுத்தாது, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மெத்தைகூட அறைக்குள் எதிரொலியைத்தான் குடிக்கும், வெளியில் இருந்து வருகிற சத்தத்தை மறிக்காது. அதற்கு ஒரே வழி நேரம் பார்த்துப் பாடுவது. காலையில் சேவல், மோட்டார், மாலையில் ஒலிபெருக்கி. நான் பார்த்தவரையில் பகல் 2 மணியில் இருந்து 4 மணி வரை ஊர் கொஞ்சம் அடங்குகிறது. ஃபேனை நிறுத்தணும், செல்போனை அணைக்கணும். மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே பதிவு வேண்டவே வேண்டாம்.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் போதும். 'ப' வருகிற இடத்தில் மைக்கில் காற்று அடிக்கும். தையல் குழுவில் பூவேலை செய்கிற வளையம் இருக்கிறதே, அதில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி முன்னால் வைத்தால் சரியாகிவிடும். பறையை நாலைந்து அடி தள்ளி வைக்கணும். முதலில் இருக்கிறதிலேயே பெரிய அடியை அடிக்கச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் குமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு எரிந்தால் அந்த இடத்தில் சத்தம் உடைந்துவிட்டது என்று அர்த்தம், பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரி செய்ய முடியாது. மெதுவாகப் பதிந்ததைப் பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம்.

ஹெட்போனில் தன் குரல் ஒரு நொடிப் பின்னம் பிந்திக் கேட்டால் பாடுகிறவருக்குத் தாளம் தடுமாறும். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வருகிற தாமதம் அது. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் குரல் சுற்றாமல் நேரே காதுக்கு வந்துவிடும். இந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெட்டியை வாங்கணும். உம்ம்ம் என்று ஒரு இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அறையில் எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லணும். தனித்தனியாக எடுக்க வசதி இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தனித்தனியாக எடுக்கக் கூடாது. நம்ம பெண்கள் ஸ்டுடியோவுக்குப் பாடினவர்கள் இல்லை. வயலில் குனிந்தபடி, பக்கத்து ஆள் எடுத்துக் கொடுக்கப் பாடினவர்கள். தனியாக நிறுத்திக் காதை மூடினால் பாட்டு மறந்துபோகும். அதனால் கும்மிக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு முறை பாடிவிட வேண்டும், அது வழிகாட்டித் தடம். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே முன்பாட்டுக்காரர் மட்டும் நல்லபடியாகப் பாடட்டும், ஒரு காதில் மட்டும் ஹெட்போன் வைத்துக்கொண்டு. ஒப்பாரியைப் பிரிக்கவே வேண்டாம். அவர் மூச்சு விடுகிற இடத்தில்தான் அந்தப் பாட்டே இருக்கிறது.

கடன் திரும்பி வருமா? 45,000-க்கு மாதம் 1 சதவீத வட்டி, 24 தவணை. அசல் 1,875, முதல் மாத வட்டி 450, ஆக 2,325. அதற்குப் பிறகு வட்டி மாதாமாதம் குறையும். பாட்டு விற்று இதைக் கட்ட முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உப்பு, கோலமாவு, காய்கறி வண்டிக்காரர்கள் எல்லாரும் பதிவு செய்த குரலைத்தான் ஓடவிடுகிறார்கள். ஊராட்சி அறிவிப்பு, பள்ளிச் சேர்க்கை, கோயில் திருவிழா ஆட்டோ விளம்பரம் எல்லாம் இப்போது டவுனில்தான் பேசி வாங்குகிறார்கள். ஒன்றுக்கு 300 ரூபாய் வைத்தால், மாதம் எட்டு வந்தால் 2,400. முதல் தவணை கட்டிவிடலாம். எட்டு வராத மாதத்துக்கு மூன்று குழுவும் பொறுப்பு என்று தீர்மானத்தில் எழுதிக் கொடுக்கணும். அப்படி எழுதித் தராவிட்டால் கடன் கொடுக்க வேண்டாம் என்பதே என் யோசனை.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நோட்டு வேண்டும். பாடினவர் பேர், ஊர், தேதி, யாரிடம் கற்றது, வெளியில் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதி அவரிடமே கையெழுத்தோ ரேகையோ வாங்கணும். கூட்டமைப்பும் சி.டி. கம்பெனி மாதிரி ஆகிவிடக் கூடாதில்லையா? பதிவை லேப்டாப்பில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டில் பென் டிரைவில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைக்க வேண்டும்.

ஒரு அவசரமும் இருக்கிறது. கொல்லங்குடி கருப்பாயி அம்மா 2025-இல் காலமானார். வானொலியும் 1985-இல் வந்த ஆண்பாவம் படமும் அவர் குரலைப் பிடித்து வைத்ததால் நாளைக்கும் அதைக் கேட்கலாம். நம்ம ஊர்களில் எண்பது வயதைத் தாண்டின பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. கடன் பாஸ் ஆகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பாட்டியின் பக்கத்தில் தலையணை மேல் வைத்து இப்போதே எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பேச வைத்து அனுப்பினால் சத்தம் நசுங்கிவிடும். போனில் பதிந்த ஃபைலை வயர் போட்டு நகல் எடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் 2 மணிக்கு, கடன் முடிவாவதற்கு முன்னால், இரவல் சாமான் வைத்துப் பின்னறையில் ஒரு கும்மியைத் தடம் தடமாக எடுத்துக் காட்டுகிறேன். சம்மதிக்கிறவர்களும் வரலாம், எதிர்க்கிறவர்களும் வரலாம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கம்பளியோ ஜமுக்காளமோ எடுத்து வாருங்கள், மெத்தை இரண்டு போதும். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், மைக்குக்கு முதலில் கேட்பது அதுதான்.