இணைவு உலை: எந்தக் கணக்கை நம்புவது?

(கட்சி உறுப்பினர்களுக்கான அறிவியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி, அணுக்கரு இணைவின் மூலம் 3.15 மெகாஜூல் ஆற்றலைப் பெற்றது. இது மெய்யான சாதனை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்த ஆற்றல் ஏறத்தாழ 300 மெகாஜூல். எந்த இடத்தில் கோடு கிழித்துக் கணக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே சோதனை லாபமாகவும் தெரியும், நட்டமாகவும் தெரியும்.

காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடக்கும் டோகமாக் உலைகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். பதினைந்து கோடி டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மா ஓயாது வெப்பத்தை இழக்கிறது. உள்ளே எழும் கொந்தளிப்பு வெப்பத்தைச் சுவருக்குக் கடத்துகிறது. எலக்ட்ரான்கள் கதிர்வீச்சாக ஆற்றலை வெளிவிடுகின்றன. சுவரை டங்ஸ்டனால் அமைத்தால் அது வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அதன் அணுக்கள் சிறிதளவு உள்ளே கலந்தாலும் கதிர்வீச்சு இழப்பு பெருகும். பெரிலியத்தில் அந்த இழப்பு குறைவு. ஆனால் அது எளிதில் தேயும், நச்சுத்தன்மையும் உடையது.

காந்தங்களிலும் இதே முரண்பாடு. செம்புச் சுருள்கள் சூடேறுவதால் உலையை நீண்ட நேரம் இயக்க முடியாது. மீக்கடத்திகளில் அந்த இழப்பு இல்லை. ஆனால் அவற்றை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கவே பெரும் மின்சாரம் தேவை. டியூட்டீரியம்-டிரிட்டியம் இணைவில் 80 விழுக்காடு ஆற்றலை நியூட்ரான்கள் சுமந்து செல்கின்றன. அவற்றிடமிருந்து காந்தங்களைக் காக்கத் தடித்த கவசம் வேண்டும். கவசம் தடித்தால் காந்தம் விலகும், பிளாஸ்மாவில் புலம் தளரும். அதை ஈடுகட்ட உலையைப் பெரிதாக்க வேண்டும், செலவு ஏறும்.

பிரான்சின் கடராஷில் எழும் ஈட்டர் உலையின் இலக்கு, பிளாஸ்மாவுக்கு 50 மெகாவாட் வெப்பம் கொடுத்து 500 மெகாவாட் இணைவு ஆற்றல் பெறுவது. அது மின்சாரம் தயாரிக்காது. ஆய்வு உலை மட்டுமே. 2005 முதல் இந்தியாவும் அதில் பங்காளி. உலையைச் சூழும் மாபெரும் குளிர்காப்புக் கலத்தின் பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் நம் தொழிலாளர் கைகளில் உருவானவை.

தோழர்களே, டோகமாக் சோவியத் விஞ்ஞானம் உலகுக்கு அளித்த கொடை. பனிப்போர் உச்சத்தில், 1969இல், பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மாஸ்கோ சென்று அதன் வெப்பநிலையைத் தாமே அளந்து உறுதிசெய்தனர். 1985இல் ஜெனீவாவில் கோர்பச்சேவ் ரீகனிடம் முன்வைத்த கூட்டுமுயற்சியிலிருந்தே ஈட்டர் பிறந்தது. பொதுப்பணமும் திறந்த அறிவும் எழுப்பிய அடித்தளத்தின் மீது நின்றுகொண்டு, இன்று தனியார் மூலதனம் சில ஆண்டுகளில் மின்சாரம் தருவதாக வாக்களிக்கிறது.

அவ்வாறு கேட்கும்போதெல்லாம் நாம் மூன்று கேள்விகளை எழுப்புவோம். மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது எவ்வளவு? அதற்குத் திருப்பித் தந்தது எவ்வளவு? எவ்வளவு நேரம் தொடர்ந்து தந்தது? பொதுத்துறை ஆய்வுக்குக் கூடுதல் நிதி கோருவோம். நாளைய இணைவைக் காட்டி, இன்று செய்ய வேண்டிய சூரிய, காற்று மின்திட்டங்களையும் பொது மின்துறையின் பாதுகாப்பையும் தள்ளிப்போட அனுமதியோம்.