ஹங்கேரி மாணவர்களின் 16 கோரிக்கைகள்



1956 அக்டோபர் 23. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் மாணவர்கள் கேட்டது என்ன? எங்கள் 16 கோரிக்கைகளை வானொலியில் வாசியுங்கள் என்றார்கள். சோவியத் படை வெளியேற வேண்டும், பல கட்சித் தேர்தல் வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. வானொலி நிலையம் மறுத்தது. ரகசியப் போலீஸ் சுட்டது. மகஜரோடு வந்த கூட்டம் அன்றிரவே புரட்சியாக மாறியது.

நவம்பர் 4-இல் சோவியத் டாங்கிகள் பெருமளவில் புகுந்து அதை நசுக்கின. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் மாண்டனர். மக்கள் பக்கம் நின்ற பிரதமர் இம்ரே நாகி 1958-இல் தூக்கிலிடப்பட்டார்.

கோரிக்கைகள் செத்தனவா? இல்லை. 1990-இல் பல கட்சித் தேர்தல் நடந்தது. 1991-இல் கடைசி சோவியத் படையும் வெளியேறியது.

தோழர்களே, மகஜரைக் காதில் வாங்காத அரசே கலகத்தை வளர்க்கிறது. நாம் தொடர்ந்து எழுதுவோம், கேட்போம்.