காய்ச்சலின் நாட்களை எண்ணுவோம்

(யூபிலி விழாவையொட்டி நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழந்தைகளின் உடல்நலம் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். சளி, இருமல், வயிற்றுப்போக்கு பற்றியெல்லாம் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே, நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு நோயை இன்று எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் கவாசாகி நோய்.

ஜப்பான் நாட்டுக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1961ஆம் ஆண்டில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இதை முதன்முதலில் கவனித்தார். இதே போன்ற 50 குழந்தைகளைப் பார்த்தபின், 1967இல் அதைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே இது தாக்குகிறது. நம் நாட்டிலும் இந்நோய் உண்டு.

அடையாளங்கள் இவை: ஐந்து நாளுக்குக் குறையாத கடுங்காய்ச்சல், பீளை தள்ளாமல் சிவக்கும் கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, செக்கச்சிவந்த நாக்கு, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல். சில நாள் கழித்து விரல் நுனியில் தோல் உரியும். எல்லா அடையாளங்களும் எல்லாக் குழந்தைக்கும் தோன்றுவதில்லை.

காய்ச்சல் தானாகவே தணிந்துவிடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. இது இரத்தக் குழாய்களின் அழற்சி நோய். இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் குழாய்கள் உள்ளே புண்பட்டு, பலூன் போலப் புடைத்துவிடலாம். சிகிச்சை பெறாத குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்கு இப்படி நேர்கிறது. காய்ச்சல் கண்ட பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை நரம்பு வழியே ஏற்றினால், அது நூற்றுக்குச் சுமார் 5 ஆகக் குறைகிறது. பல்லாயிரம் பேர் தானமாகக் கொடுத்த இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது.

இந்நோய் எதனால் வருகிறது? இன்றுவரை திட்டமான விடை இல்லை. ஆனால் வைரஸ் கிருமிகள் மீது மருத்துவர்களுக்குப் பலத்த சந்தேகம் உண்டு. ஜப்பானில் 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் இது அலை அலையாகப் பரவியது. சில பருவங்களில் மிகுந்து, சில பருவங்களில் குறைகிறது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது இன்னொரு தடயம் கிடைத்தது. இத்தாலியின் பெர்காமோ நகர மருத்துவமனையில் ஐந்தாண்டுகளில் 19 குழந்தைகளுக்கே கவாசாகி நோய் கண்டிருக்க, கொரோனா பரவிய இரண்டே மாதத்தில் அதைப் போன்ற நோயோடு 10 குழந்தைகள் வந்தார்கள். அதே ஆண்டில் நம் சென்னையிலும் நான்கு மருத்துவமனைகளில் 19 குழந்தைகளுக்கு, கொரோனாவைத் தொடர்ந்து வரும் இத்தகைய அழற்சி நோய் காணப்பட்டது. அது கவாசாகி நோயே அல்ல. அதற்கு நெருங்கிய உறவுள்ளது. கிருமி போனபின்னும் உடலின் காவற்படை ஓயாமல், தன் சொந்தக் குழாய்களையே தாக்குகிறது என்று கருதுகிறார்கள். பிறவியிலேயே அதற்கு இடங்கொடுக்கும் உடல்வாகு சில குழந்தைகளுக்கு இருக்கலாம். எனவே ஒரே சளிக் காய்ச்சல் நூறு குழந்தைகளுக்கு வந்து போகும். அபூர்வமாக எங்கோ ஒரு குழந்தைக்கு மட்டும் இப்படித் திரும்பும்.

ஆகவே, "குளிரில் தூக்கிக்கொண்டு போனாய், ஐஸ் வாங்கிக் கொடுத்தாய்" என்று தாயைக் குறைசொல்ல வேண்டாம். இது ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் நோயுமன்று. அந்த வீட்டை விலக்கி வைக்கத் தேவையில்லை.

நம் மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. காய்ச்சலோடு தடிப்பும் கண்டால், "அம்மை போட்டிருக்கிறது, தானாக இறங்கும்" என்று வேப்பிலையோடு வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மணல்வாரி அம்மையானாலும் மருத்துவரிடம் காட்டவேண்டியதுதான். மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு வரவேண்டும். மேல்சிகிச்சைக்கு மதுரை போவதென்றால் இன்னும் சுமார் 120 கிலோமீட்டர். மலைப்பாதையில் மழையும் மூடுபனியும் நமக்காகக் காத்திருப்பதில்லை. பத்து நாள் என்பது கேட்க நீளமாகத் தோன்றும். ஐந்து நாள் வீட்டிலும், இரண்டு நாள் மருந்துக்கடையிலும், ஒரு நாள் வண்டிக்கும் போய்விட்டால், மீதி என்ன இருக்கிறது?

தாய்மார்களே, மூன்று காரியங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டாவது, மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கண், வாய், கை, கால் சிவந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்காவிட்டாலோ அதுவரைகூடக் காத்திராதீர்கள். தடிப்பு வந்து மறைந்திருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள். மூன்றாவது, ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாகவே கொடுக்காதீர்கள். இந்நோய்க்கு மருத்துவர் அதைக் கொடுப்பார். சாதாரண வைரஸ் காய்ச்சலில் அதுவே குழந்தைக்குத் தீங்காகலாம்.

காய்ச்சல் விட்டபின்னும் இருதய ஸ்கேன் எடுக்கச் சொன்ன தேதியில் தவறாமல் போய்வாருங்கள். குழந்தை ஓடி விளையாடுகிறதே என்று நின்றுவிடாதீர்கள்.