இரண்டு வருடக் கணக்கு
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். பழைய லெட்ஜர்களைக் கட்டிக் காத்த அனுபவம் உண்டு. பதிவேடு என்றால் இடம், ஆள், பூட்டு மூன்றும் வேண்டும், செலவே அங்கேதான்.

நாம் யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் பேசினோம் என்ற விவரத்தை செல்போன் கம்பெனிகள் முன்பு ஓராண்டு வைத்திருந்தால் போதும். 2021 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை அதைக் குறைந்தது இரண்டு ஆண்டு என்று மாற்றியது. பேச்சு பதிவாவதில்லையே என்பீர்கள். வாரா வாரம் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒருவர் போன் செய்தால், பேச்சைக் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

ஜெர்மனியில் மால்ட்டே ஸ்பிட்ஸ் என்ற அரசியல்வாதி வழக்குப் போட்டு, தன்னுடைய ஆறு மாத விவரத்தை வாங்கி, 2011-இல் வெளியிட்டார். 35,000-க்கும் மேற்பட்ட பதிவுகள். அவர் போன ஊர், வந்த ஊர் எல்லாம் அதில் தெரிந்தது. இப்படிச் சேமிக்கச் சொன்ன ஐரோப்பிய உத்தரவு செல்லாது என்று 2014-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியா 2015-இல் இரண்டாண்டுச் சட்டம் கொண்டுவந்து, கம்பெனிகளின் செலவுக்கு சுமார் 13 கோடி டாலர் ஒதுக்கியது. இங்கே அது நம் ரீசார்ஜில்தான் ஏறும் என்பது என் கணக்கு.

காணாமல் போனவரைத் தேட போலீசுக்கு இது உதவும், மறுக்கவில்லை.

நம் கேட் நோட்டுக்கு வருகிறேன். வருகிறவர் பெயர், போன் நம்பர், போகிற வீடு எல்லாம் அதில் இருக்கிறது. பழைய நோட்டுகள் பம்ப் ரூமில் பூட்டில்லாமல் கிடக்கின்றன. மூன்று மாதத்துக்கு முந்தையதைக் கிழித்துவிட வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிவது யார்?