கேள்வியோடு மேடையேறியவர்



பத்திரிகைக்காரர்களுக்கு அரசியல் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையை இந்த அவையில் எடுத்து வைக்கிறேன். திருவையாற்றில் 1855-இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் அவர்.

1878-இல் முத்துசாமி ஐயரைச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்கள். ஓர் இந்தியர் அந்த ஆசனத்தில் அமர்வதா என்று வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் சீறின. பள்ளி ஆசிரியர் இருவரும் சட்ட மாணவர் நால்வரும் கூடினார்கள். ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 'தி இந்து' பிறந்தது! அந்த ஆசிரியர் இருவரில் ஒருவர் சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலம் அறியாத மக்களுக்கும் நாட்டு நடப்பு தெரிய வேண்டும் என்று 1882-இல் 'சுதேசமித்திரன்' தொடங்கியவரும் அவரே.

1885 டிசம்பர் 28. பம்பாயில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரி. காங்கிரஸின் முதல் மாநாடு, 72 பிரதிநிதிகள். அங்கே முதல் தீர்மானத்தை முன்மொழிய எழுந்தவர் நம்முடைய பத்திரிகை ஆசிரியர். என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பட்டம் கேட்டாரா? விசாரணை கேட்டார்! இந்திய நிர்வாகம் நடக்கும் விதத்தை அரச ஆணையம் ஆராய வேண்டும். அதில் இந்தியர்களுக்குப் போதிய இடம் வேண்டும். இங்கிலாந்தில் மட்டுமல்ல, இந்த மண்ணிலும் சாட்சியம் எடுக்க வேண்டும் என்றார். நிருபர் கேட்க வேண்டிய கேள்வி, தேசத்தின் முதல் கோரிக்கையாயிற்று! 1897-இல் இந்தியச் செலவுக் கணக்கை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் தாமே போய்ச் சாட்சியம் சொன்னார்.

ஊரைக் கேட்டவர் தம் வீட்டையும் கேட்டார். கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்துவைத்தார். சுற்றமும் சாதியும் ஒதுக்கியபோதும் கலங்கவில்லை. 1904-இல் இளைஞர் பாரதியைச் சுதேசமித்திரனில் சேர்த்துக்கொண்டார். 1908-இல் ராஜதுரோக வழக்கில் கைதானார். எழுத்தும் அரசியலும் அவருக்கு ஒரே கடமை.

ஆகவே, பத்திரிகையாளர்கள் தாராளமாக அரசியலுக்கு வரட்டும்! ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நேற்று அமைச்சரிடம் கணக்குக் கேட்டீர்கள். நாளை நீங்களே அமைச்சரானால், உங்களிடம் கணக்குக் கேட்கும் நிருபரை வாசலில் நிறுத்தாதீர்கள். அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள். சுப்பிரமணிய ஐயரின் வழியில் வந்தவர் என்று அன்றைக்கு உங்களை நாங்கள் ஏற்றுக்கொள்வோம்.