வாசலுக்கு அழைக்கும் பனி, கதவைச் சாத்தவைக்கும் மழை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மாக் மண்டின் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



'கடும் பனிப்பொழிவு இன்பமா, இடையூறா?' என்பது இன்றைய தலைப்பு. இதைப் பேச, பனியை ஒருநாளும் மிதித்திராத மாக் மண்டின்காரனை அழைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பனியெல்லாம் ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் இருப்பதுதான்!

ஆனாலும் எனக்கு ஒரு சாட்சி உண்டு. என் சித்தி மகன் கனடாவில், டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியிருக்கிறான். நம் தமிழ் மக்கள் நிறைந்து வாழும் இடம். பனி கொட்டிய காலையில் ஊரே சத்தம் அடங்கிக் கிடக்குமாம். பள்ளி விடுமுறை என்று அறிவித்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தீபாவளிதான். பெரியவர்களுக்கோ பேருந்து வராது, நடைபாதை வழுக்கும், பனி அள்ளி இடுப்பு விட்டுப்போகும். இன்பமும் இடையூறும் ஒரே வீட்டில், ஒரே காலையில்!

1999 ஜனவரியில் இரண்டே வாரத்தில் டொரோண்டோவில் ஒரு மீட்டருக்கும் மேல் பனி குவிந்தது. மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை அழைத்தார். பனி அள்ள இராணுவமா என்று கனடாவின் மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள்.

நேயர்களே, அந்தக் கேலியில் நான் சேரமாட்டேன். பினாங்கும் இராணுவத்தை அழைத்த ஊர்தான். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. அன்று தொடங்கிய மழையில் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஒரு சென்டிமீட்டர் மழைநீர், பனியாக விழுந்தால் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் உயரம் நிற்கும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் அது மூன்று மீட்டர் பனி! மறுநாள் அதிகாலையில் அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் மத்திய அரசிடம் இராணுவ உதவி கேட்டார். ஏழு உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

அன்று மாலை நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, சூடான தேநீரும் வாழைக்காய்ப் பஜ்ஜியுமாக மழையை இரசித்தேன். காய்ந்த தரையில் நிற்பவனுக்கு மழை இன்பம்தான். நள்ளிரவில் குளியலறைத் துவாரம் வழியே தண்ணீர் ஏறி வந்தது. மழையும் கடல் பெருக்கும் ஒன்றுசேர்ந்தால் பட்டர்வொர்த் போன்ற தாழ்ந்த கரையோர ஊரில் கால்வாய் நீர் எங்கே வடியும்? மின்சாரம் நின்றது. அம்மா முட்டிவலியால் நடக்க முடியாதவர், நீரிழிவு நோயாளி. கட்டில் விளிம்பைத் தண்ணீர் தொட்டபோது, உதவிக்கு யாரை அழைப்பது என்று கைத்தொலைபேசியைத் தடவினேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரின் எண் என்னிடம் இல்லை. பத்து ஆண்டு அண்டை வீடு! அன்று நான் பட்ட வெட்கம் இன்றும் தீரவில்லை.

நல்லவேளை, அந்தப் பாக்சிக் என் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மகன்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் வந்து, வேலிக்கதவைத் தட்டிக் குரல் கொடுத்தார். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நால்வருமாகத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சந்தில் உள்ள ஒரு சீனர் குடும்பத்தின் மாடிக்குக் கொண்டு சேர்த்தோம். குளிர்பெட்டியில் இருந்த இன்சுலின் மருந்தும் வெள்ளத்தோடு போனது. விடியும்வரை பயம்தான்.

பிறகு இதைச் சித்தி மகனிடம் சொன்னேன். அவன் ஒன்று சொன்னான்: "அண்ணே, எனக்கு இங்கே அண்டை வீட்டாரைப் பழக்கிவிட்டதே பனிதான். அவனவன் வாசலை அவனவன் அள்ளியாகணும். ஒருவன் வண்டி சிக்கினால் நாலுபேர் தள்ளணும். கையில் மண்வெட்டியோடு நின்றால் பேசாமல் இருக்க முடியுமா?"

நேயர்களே, அங்குதான் எனக்குப் புரிந்தது. பனி மனிதனை வாசலுக்கு அழைக்கிறது. நம் மழையோ கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே, நாம் மழைக்கு முன்பே வாசலுக்கு வந்தாக வேண்டும்.

இப்போது எங்கள் சந்தில், மழை கூடும் செப்டம்பருக்கு முன்பே ஒரு ஞாயிறு கால்வாயைச் சுத்தம் செய்கிறோம். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர், எந்த வீட்டில் மாடி, யாருடைய எண் என்ன என்று எழுதி ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டியிருக்கிறோம். செலவு பத்து ரிங்கிட்கூட இல்லை.

இன்பமா, இடையூறா என்று கேட்டீர்கள். வானம் இரண்டையும் சேர்த்தேதான் கொட்டுகிறது. இடையூறு பேரிடராகாமல் தடுப்பது அண்டை வீட்டாரின் கையில் இருக்கிறது. இந்நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.